நான்கு நிமிடச் சுருள்

ஒரு மொழியைக் கற்க இலக்கணம் ஒரு வழி. பேசிப் பழகுதல் மற்றொரு வழி. திரைப்படக் கலைக்கும் இவ்விரு வழிகளும் உண்டு. இன்று இக்கலையைப் பயிற்றுவிக்கும் கல்லூரிகள் பல நாடுகளில் உள்ளன. சில பள்ளிகளில் அது ஒரு பாடமாகவும் இடம்பெற்றுள்ளது. ஆனால், 1950களின் இறுதியில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் வளர்ந்த மாணவர் ஒருவர், அதனை வகுப்பறைக்கு வெளியே கற்றார். தந்தையின் 8 மி.மீ. படக்கருவியே அவருக்குப் பாடநூல். பள்ளித் தோழர்களே உடன் பயின்றோர். பின்னாளில் 'ஜாஸ்', 'ஜுராசிக் பார்க்' முதலிய படங்களை இயக்கிய ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கே அம்மாணவர். பள்ளிப் பருவத்தில் அவர் கற்றவற்றை வரிசையாக நோக்கினால் திரைமொழியின் அடிப்படைகள் விளங்கும்.

அச்சத்திலிருந்து பிறந்த முதல் பாடம்

ஸ்பீல்பெர்க் சிறுவயதில் கண்ட முதல் திரைப்படம், 1952இல் வெளிவந்த 'தி கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்'. அதில் இடம்பெற்ற தொடர்வண்டி விபத்துக் காட்சி அவரை அச்சுறுத்தியது; மறக்கவும் விடவில்லை. பின்னர்த் தமக்குக் கிடைத்த பொம்மைத் தொடர்வண்டிகளை மோதவிட்டு, அக்காட்சியை வீட்டிலேயே மீண்டும் மீண்டும் நிகழ்த்தினார். வண்டிகள் உடைந்தன. இனியும் உடைத்தால் அவற்றைப் பறித்துவிடுவதாகத் தந்தை எச்சரித்தார். அதனால், மோதலைப் படக்கருவியில் பதிவு செய்துகொண்டார். அதன்பின் வண்டியை உடைக்க வேண்டிய தேவை இல்லை; சுருளை ஓட்டினால் போதும்.

இந்நிகழ்வில் இரு உண்மைகள் அடங்கியுள்ளன. ஒன்று, கண்முன் நொடியில் மறையும் நிகழ்வைப் படக்கருவி நிலைநிறுத்துகிறது. மற்றொன்று, பொருளின் உண்மையான அளவைவிட, அதனைப் பார்க்கும் இடமே திரையில் அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது. நின்றபடி நோக்கினால் பொம்மை வண்டி பொம்மையாகவே தெரியும். படக்கருவியைத் தண்டவாளத்தின் மட்டத்திற்குத் தாழ்த்தி வைத்தால், அதே வண்டி பேருருக் கொண்டு எதிரே வரும். திரைக்கலையில் கோணம் என்று வழங்கப்படுவதன் அடிப்படை இதுவே.

சிக்கனம் கற்பித்த இலக்கணம்

அக்காலத்து 8 மி.மீ. கருவிகள் பலவற்றில் 25 அடி நீளமுள்ள படச்சுருள் பொருத்தப்படும். அதன் அகலம் 16 மி.மீ. முதல் ஓட்டத்தில் அகலத்தின் ஒரு பாதியில் மட்டும் காட்சிகள் பதியும். சுருள் முடிந்ததும் அதனை எடுத்துத் திருப்பிப் பொருத்தினால் மறுபாதியில் பதியும். கழுவிய பின் நடுவே பிளந்து இணைத்தால் 50 அடி கிடைக்கும். நொடிக்கு 16 படங்கள் என்னும் வேகத்தில் அது ஏறத்தாழ நான்கு நிமிடமே ஓடும். பதிவானது சரியா, தவறா என்பதும் சுருள் கழுவப்பட்டுத் திரும்பிய பின்னரே தெரியும்.

இக்கட்டுப்பாடே நல்லாசிரியராக அமைந்தது. கருவியை இயக்கும் முன்னரே எதைக் காட்டுவது, எங்கே நிறுத்துவது, அடுத்து எது வரவேண்டும் என்பவற்றை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. 1958இல், சாரணர் இயக்கத்தின் ஒளிப்படக்கலைச் சின்னத்தைப் பெறுவதற்காக அவர் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஓடும் குறும்படம் ஒன்றை எடுத்தார். சாரணத் தோழர்கள் அதனைக் கண்டு ஆரவாரித்தனர். தாம் தொகுத்த காட்சிகள் பிறரிடம் உணர்ச்சியை எழுப்பும் என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார்.

இரு காட்சிகள், ஒரு பொருள்

அடுத்து அவரை ஈர்த்தது இரண்டாம் உலகப்போர். அவருடைய தந்தை அப்போரில் பணியாற்றியவர். போர் விமானங்களைப் பறக்கவிட ஒரு மாணவரால் இயலுமா? விமானங்கள் பறக்கும் பழைய ஆவணப்படச் சுருள்களை அவர் பயன்படுத்தினார். தரையில் நின்றிருந்த பழைய விமானமொன்றின் இருக்கையில் நண்பரை அமர்த்தி, முகத்தை அண்மைக் காட்சியாக எடுத்தார். நண்பர் விசையை இழுக்கிறார். அடுத்த காட்சியில் விமானம் வானில் எழுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டியதும், அந்நண்பரே விமானத்தைச் செலுத்துவதாகப் பார்ப்போர் நம்பினர். தனித்தனியே எடுத்த இரு காட்சிகள் இணையும்போது, இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருள் தோன்றுகிறது. படத்தொகுப்பின் ஆற்றல் இதுவே.

குண்டுவெடிப்பையும் அவர் எளிய முறையில் உருவாக்கினார். மண்ணில் பள்ளம் தோண்டி, அதன்மேல் பலகையொன்றை ஏற்றப்பலகைபோல் சமன்செய்து, அதன்மீது மாவைக் கொட்டி மறைத்தார். ஓடிவரும் சிறுவர் பலகையின் ஒரு முனையை மிதித்ததும், மறுமுனை எழுந்து மாவை வானில் வீசியது. திரையில் அது வெடிப்பின் புகையாகத் தெரிந்தது. எவருக்கும் காயமில்லை.

கருவியின் முன் வந்த பகைவர்

பள்ளிவாழ்க்கை அவருக்கு எளிதாக இல்லை. வாசிப்பதில் பின்தங்கியிருந்தார். அதற்குக் காரணம் 'டிஸ்லெக்சியா' என்னும் கற்றல் குறைபாடு என்பது, அவர் அறுபது வயதை எட்டிய காலத்திலேயே தெரியவந்தது. உடல்வலிமையும் இல்லாத அவரை மாணவர் ஒருவர் தொடர்ந்து துன்புறுத்தி வந்தார்.

அவருடன் சண்டையிடவோ அவரிடமிருந்து ஓடி ஒளியவோ ஸ்பீல்பெர்க் முயலவில்லை. தாம் எடுக்கவிருந்த போர்ப்படத்தில் வீரராக நடிக்குமாறு அவரையே அழைத்தார். முதலில் நகைத்த அவர் பின்னர் இசைந்தார். படப்பிடிப்பின்போதும் தமக்குள் அச்சம் இருந்ததை ஸ்பீல்பெர்க் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். ஆயினும், படக்கருவியின் முன்னே அந்த மாணவர் நிற்க, பின்னே தாம் நின்றபோது அவர் பாதுகாப்பை உணர்ந்தார். நாளடைவில் இருவரும் நண்பர்களாயினர். ஏறத்தாழ 40 நிமிடம் ஓடும் 'எஸ்கேப் டு நோவேர்' என்னும் போர்ப்படம், மாநில அளவிலான பயில்முறைத் திரைப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்றது. அவருடைய பள்ளிப் பருவத்தின் பெரிய வெற்றி பரிசன்று. துன்புறுத்தியவரிடம் ஒரு வீரரைக் காண முடிந்ததே பெரிய வெற்றி.

ஓரிரவுத் திரையரங்கு

பதினேழு வயதில் அவர் 'ஃபயர்லைட்' என்னும் முழுநீளப் படத்தை முடித்தார். வானில் தோன்றும் விந்தை ஒளிகள் ஓர் ஊரை அலைக்கழிப்பதே கதை. செலவு ஏறத்தாழ 500 டாலர். ஓடும் நேரம் இரண்டு மணிக்கும் மேல். வார இறுதி நாட்களில் படப்பிடிப்பு நடந்தது. காட்சிகளை எடுத்து முடித்த பின், நடித்த மாணவர்கள் திரையில் தம் உதட்டசைவைப் பார்த்தவாறே உரையாடலைப் பேசிப் பதிவு செய்தனர். 1964 மார்ச் 24 அன்று பீனிக்ஸ் நகர அரங்கொன்றில் அப்படம் ஓரிரவு மட்டும் திரையிடப்பட்டது. இன்று அதன் சில நிமிடக் காட்சிகளே எஞ்சியுள்ளன. எனினும், அக்கதையின் கரு 1977இல் 'குளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் தி தேர்டு கைண்ட்' என்னும் புகழ்பெற்ற படமாக மறுபிறவி எடுத்தது.

இத்தகைய மாணவரைத் திரைப்படக் கல்வி உடனே வரவேற்றுவிடவில்லை. மதிப்பெண் குறைவினால், அவர் விரும்பிய தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத் திரைப்படப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும், தொழில் வாய்ப்பு வந்ததால் இடையிலேயே விலகினார். விட்ட படிப்பைப் பல்லாண்டுகளுக்குப் பின் தொடர்ந்து, 2002இல் தம் 55ஆம் வயதில் பட்டம் பெற்றார். அதற்குள் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருதை இருமுறை பெற்றிருந்தார். ஆயினும், பட்டம் பெறும் மாணவருக்குரிய அங்கியை அணிந்து, ஏனைய மாணவர்களுடன் வரிசையில் நின்றே அதனைப் பெற்றுக்கொண்டார்.

இன்றைய கைப்பேசி மணிக்கணக்கில் காட்சிகளைப் பதிவு செய்யும். பிழையை உடனே காட்டும். அழித்து மீண்டும் எடுக்கவும் இடமளிக்கும். நான்கு நிமிடச் சுருளுக்கு அவ்வசதிகள் இல்லை. எதைக் காட்டுவது என்று எண்ணிய பின்னரே அது விசையை அழுத்தச் செய்தது. கருவி எளிதான காலத்திலும் அந்த எண்ணும் பழக்கமே திரைக்கலையின் முதற்படியாகும்.