வாசலில் பிரித்த குப்பை வண்டியில் கலந்தால் யாரைக் கேட்பது?

“நாங்க பிரிச்சுத்தாங்க குடுக்கிறோம். அவங்க வண்டியில ஒண்ணாத்தான் கொட்டுறாங்க. அப்புறம் எதுக்கு எங்களுக்கு இந்த வேலை?”

துண்டறிக்கையோடு தெருவுக்குள் நுழையும் தன்னார்வலர்களுக்கு மூன்றாவது வீட்டிலாவது இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல், சுற்றுச்சூழலைக் காப்போம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தால், அந்த வீட்டுப் பச்சைத் தொட்டி சீக்கிரமே துணி ஊறவைக்கப் போய்விடும்.

மக்கள் பிரித்தாலும் அள்ளும் முறை சரியில்லாவிட்டால் பயனில்லை என்பது சென்னைக்குப் பழைய பாடம். எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா அமைப்பு, 1989 வாக்கில் தெருக்காரர்களையே ஒன்றுசேர்த்து ‘சிவிக் எக்ஸ்னோரா’ குழுக்களை உருவாக்கியது. வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பணம் போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஓர் ஆளை வேலைக்கு வைத்தார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் பலர் அந்த வேலைக்கு வந்தார்கள். தெருவை அழகாக்குபவர் என்ற பொருளில் அவர்களுக்கு மதிப்பான ஒரு பெயரும் கிடைத்தது. சில இடங்களில் உரமும் தயாரித்தார்கள். 2000-ல் நகரின் சில மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை தனியார் நிறுவனத்துக்குப் போனது. டன்னுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். எடை குறைந்தால் வருமானம் குறையும் என்றால், பிரித்து வாங்க யாருக்கு மனம் வரும்? குழுக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மக்களுக்கு அக்கறை போய்விட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மக்கள் கட்டி எழுப்பியதற்கு அந்த ஒப்பந்தத்தில் இடம் வைக்கப்படவில்லை.

புனேவில் கணக்கை வேறு மாதிரி போட்டார்கள். குப்பை சேகரிப்பவர்களே உறுப்பினர்களாக இருக்கும் ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்போடு அந்த மாநகராட்சி 2008-ல் உடன்பாடு செய்துகொண்டது. வீடுகள் தரும் மாதக் கட்டணமும், காகிதம், பிளாஸ்டிக்கை விற்று வரும் காசும் அவர்களுக்கே. சாம்பார் ஊற்றிய காகிதத்தைக் காயலான் கடையில் வாங்கமாட்டார்கள். அதனால் குப்பை கலந்தால் நஷ்டம் அவர்களுக்கு. கலக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர்களே.

சட்டம் என்ன சொல்கிறது? திடக்கழிவு மேலாண்மைக்கான 2016 விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின், டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் மருந்து, பல்பு, பெயின்ட் டப்பா. பிரித்துத் தருவது நம் கடமை. வீடு தேடி வந்து வாங்குவதும், பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோவதும், தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறை, முகக்கவசம், காலணி தருவதும் உள்ளாட்சியின் கடமை. முதல் பாதியைத்தான் சுவரொட்டிகளில் பார்க்கிறோம். இரண்டாம் பாதியைச் சொல்லத் தன்னார்வலர்கள் வேண்டும்.

இன்னொன்றையும் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். அபராதம் போடும் அதிகாரம் தன்னார்வலருக்குக் கிடையாது. யார் பணம் கேட்டாலும் உள்ளாட்சியின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

கலந்த குப்பை முதலில் காயப்படுத்துவது அதைத் தொடும் கையைத்தான். இன்சுலின் ஊசி, பிளேடு, உடைந்த டியூப்லைட் எல்லாம் பழைய சோற்றோடு ஒரே பையில் கிடந்தால், அதை அவிழ்ப்பவருக்கு எப்படித் தெரியும்? ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடித் தாருங்கள். நாப்கினைக் காகிதத்தில் சுற்றி, அடையாளத்துக்குச் சிவப்புப் புள்ளி வையுங்கள். செல்போன் பேட்டரியைக் குப்பையில் போடவே போடாதீர்கள்; வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். பால் பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல், ஒட்டியபடி விட்டு, அலசிக் காயவைத்தால் அதற்கும் விலை உண்டு.

அடுத்த ஆபத்து கிடங்கில். மற்றவற்றோடு சேர்ந்து புதைந்த ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவை விடுகிறது. அது எளிதில் பற்றும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கும் நாள்கணக்கில் எரிந்தன. அந்தப் புகையைச் சுவாசித்தது சுற்றுப்புற மக்கள். தெருமுனையில் கொளுத்தினாலும் நஞ்சு நஞ்சுதான். திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடை விதித்தது. அபராதம் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய்.

சரி, வண்டியில் கலக்கிறார்கள். என்ன செய்வது? முதலில் ஒரு வாரம் காலையில் தூய்மைப் பணியாளரோடு நடந்து பாருங்கள். எந்த வீடு கலந்து தருகிறது என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்கும். பல நேரம் வண்டியில் தடுப்பே இருக்காது. தனித்தனியாகக் கொட்ட அவரிடம் வழியிருக்காது. அதனால் படம் எடுத்தால் வண்டியை எடுங்கள், எண், நாள், நேரத்தோடு. அவர் முகத்தை எடுக்காதீர்கள். மேலே இருப்பவர்களின் குறைக்கு அவர் கூலியில் பிடித்தம் விழக்கூடாது.

சென்னையில் 1913-ஐ அழைத்துப் புகார் எண் வாங்கலாம். நகரங்களில் 2022 நவம்பர் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கவுன்சிலர் முன்னிலையில் கோரிக்கையைப் பதிவு செய்யலாம். ஊராட்சியில் கிராமசபையில் தீர்மானம் கொண்டுவரலாம். அசையாத இடத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். இதற்குப் பிறகும் கிடங்கு புகைந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதற்கும் மேல் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு.

தகவல் உரிமை மனுவில் சுற்றி வளைக்க வேண்டாம். எங்கள் வார்டு வண்டிகளில் எத்தனைக்குத் தடுப்பு இருக்கிறது? ஒப்பந்தக்காரருக்குப் பணம் எடைக்கா, பிரித்து எடுப்பதற்கா? சென்ற மாதம் எங்கள் ஈரக் குப்பை எந்த உர மையத்துக்கு, எத்தனை கிலோ போனது? பதில் வந்ததும் நகலெடுத்து, அந்த மூன்றாவது வீட்டுக் கதவைத் திரும்பத் தட்டுங்கள்.