இடுப்புப் பிடிப்பும் இழுத்துக் கட்டும் பெல்ட்டும்

டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசலில் பருத்திக்காட்டு வேலை பெரும்பாலும் குனிந்தே நடக்கும். களை வெட்டுகிறவளுக்கு இடுப்பு வலி, சும்மாடு வைத்துச் சுமக்கிறவருக்குக் கழுத்து வலி, வெயிலில் நிற்கிற எல்லாருக்கும் தலைவலி. ஒரு தலைமுறைக்கு முன் இந்த மூன்றுக்கும் வைத்தியம் வீட்டிலேயே இருந்தது. 'கழுத்துப் புடிச்சுக்கிருச்சு' என்றால் தலையணையை வெயிலில் போடுவார்கள், உலக்கையைக் கழுத்தில் உருட்டுவார்கள். இடுப்புப் பிடிப்புக்குக் காலால் பிறந்தவரை, அதாவது பிரசவத்தில் கால் முதலில் வெளிவந்தவரை, கூட்டிவந்து மெல்ல மிதிக்கச் சொல்வார்கள். உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார்கள். தலைவலிக்குச் சுக்குப் பற்று. நொச்சித் தழை போட்டு ஆவி.

காலால் பிறந்தவருக்குத் தனிச் சக்தி எதுவும் கிடையாது. ஆனால் சூடும் கைபடுவதும் இறுகிய தசையை இளக்கும். பெரும்பாலான பிடிப்புகள் சில வாரத்தில் தாமாகவே விட்டுவிடும். யாரும் படுத்துக் கிடக்காததும் நல்லதாகவே முடிந்தது. படுத்தால் கூலி கிடையாது என்பதுதான் அதற்குக் காரணம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதுகெலும்பில் வந்த காசநோயை வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஒத்தடம் கொடுத்தே கூன் விழவிட்டதும் அந்தக் காலம்தான். இவ்வூர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசி ஆண்டுகளைக் கழித்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா, உழைப்பு மனிதனை வளர்க்க வேண்டும் என்று வாதாடியவர். களை வெட்டியவளின் இடுப்புக்கு அந்தக் கரிசனம் போய்ச் சேரவில்லை.

இன்று மெடிக்கலில் மாத்திரை, கிளினிக்கில் ஊசி, இடுப்பில் பெல்ட். கையில் காசிருந்தால் மதுரைக்குப் பஸ் ஏறி ஒரு ஸ்கேன். ரிப்போர்ட்டில் 'டிஸ்க் தேய்மானம்' என்று வந்துவிட்டால், அன்றோடு அந்த ஆள் குனியவே பயப்படுகிறார். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதில் 96 சதவீதம் பேருக்கும் அதே தேய்மானம் இருந்தது. பெரும்பாலும் அது நரை மாதிரி வயதோடு வருவது. இதை ஸ்கேன் எடுத்த இடத்திலேயே சொல்லி அனுப்பினால் எத்தனை பேர் நிம்மதியாக வீடு திரும்புவார்கள்!

மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். மாதத்தில் 15 நாள், அதற்கும் மேல் என்று மாதக்கணக்கில் போட்டால், தலைவலி மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பெல்ட்டும் இழுவை வைத்தியமும் வழக்கமாகத் தர வேண்டாம், உடற்பயிற்சி சொல்லிக்கொடுங்கள், வலியைப் பற்றி விளக்குங்கள் என்கிறது அது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆனாலும் 'ஊசி கிடையாதா?' என்ற கேள்வி நிற்கவில்லை. சொல்லிக்கொடுத்த பயிற்சியை நாலு நாள் செய்துவிட்டு விடுவதும் நிற்கவில்லை.

சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமலோ பிரியாமலோ போனாலோ, முதுகுவலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தாலோ, தலைவலி திடீரென உச்சத்துக்கு ஏறினாலோ ஒத்தடமும் வேண்டாம், மெடிக்கல் மாத்திரையும் வேண்டாம். அன்றைக்கே மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.