மூலையை இழுத்தால் படம் இளைக்குமா?

பள்ளிப் புராஜெக்டுக்கு ஒரு பட்டாம்பூச்சியைக் கேமராவில் படம் பிடித்தாயிற்று. மெமரி கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் செருகி, கணினியில் மாட்டுங்கள். ‘டிசிஐஎம்’ என்றொரு ஃபோல்டர் தெரியும். அநேகமாக எந்தக் கம்பெனி கேமராவிலும் இதே பெயர்தான், பேசி வைத்துக்கொண்ட மாதிரி. உண்மையிலேயே பேசி வைத்துக்கொண்டதுதான்! ஒரு கேமராவின் கார்டை இன்னொரு கருவியும் படிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சேர்ந்து வகுத்த விதி அது.

அங்கிருந்து படத்தை லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் உள்ள உங்கள் கட்டுரைக்குள் கொண்டுவருகிறீர்கள். பூச்சி பக்கத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. மூலையைப் பிடித்து உள்ளே இழுத்து, 3 அங்குல அகலத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். இப்போது சேமித்துவிட்டு ஃபைலின் அளவைப் பாருங்கள். இரண்டு பக்கக் கட்டுரை 4, 5 எம்பி இருக்கும். பூச்சி சுருங்கியும் ஃபைல் ஏன் சுருங்கவில்லை?

கேமரா தந்தது உண்மையில் எண்களின் மூட்டை. லென்சுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாக அளக்கிறது. 12 மெகாபிக்சல் படத்தில் குறுக்கே 4000, நெடுக்கே 3000 புள்ளிகள். மொத்தம் 1 கோடியே 20 லட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள். ஆக, 3 கோடியே 60 லட்சம் எண்கள்! அப்படியே வைத்தால் 36 எம்பி. ஜேபெக் என்ற முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, நம் கண்ணுக்குப் பிடிபடாத நுணுக்கங்களை உதறிவிடுவதால்தான் அது 4, 5 எம்பியில் அடங்குகிறது.

1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தவை வெறும் பத்தாயிரம் புள்ளிகள். கறுப்பு வெள்ளைதான். அந்த ஒரு படத்தை கேசட் நாடாவில் பதியவே 23 விநாடி பிடித்ததாம்!

சரி, உங்கள் ஃபைலுக்குள் எட்டிப் பார்ப்போமா? ரைட்டர் ஃபைலை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரின் கடைசியில் இருக்கும் ‘ஓடிடி’ என்பதை அழித்து ‘ஜிப்’ என்று ஆங்கில எழுத்தில் மாற்றித் திறங்கள். கட்டுரை ஃபைல் என்பதே ஒரு ஜிப் பொட்டலம்தான்! உள்ளே ‘பிக்சர்ஸ்’ என்ற ஃபோல்டர். அதில் வாயில் நுழையாத நீளப் பெயரோடு உங்கள் பட்டாம்பூச்சி, 4000-க்கு 3000 புள்ளியோடு முழுசாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் மூலையை இழுத்தபோது நடந்தது இவ்வளவுதான்: ‘இதை 7.62 செ.மீ. அகலத்தில் காட்டு’ என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. (வேர்டு மட்டும், அதன் அமைப்பைப் பொறுத்து, சேமிக்கும்போது சத்தமில்லாமல் புள்ளிகளைக் குறைத்துவிடுவதுண்டு.)

நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். 3 அங்குலப் படத்துக்குக் குறுக்கே 900, நெடுக்கே 675. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கொண்டுவந்த புள்ளிகளில் இருபதில் ஒரு பங்குதான் தேவை. மிச்சமெல்லாம் வீண் சுமை. படத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘கம்ப்ரெஸ்’ கொடுத்தால் அது இறங்கிவிடும். ஆனால் இறங்கியது திரும்ப வராது. அதனால் மூலப்படத்தைத் தனி ஃபோல்டரில் பத்திரமாக வைத்துவிட்டுச் செய்யுங்கள். சின்னப் படத்தைப் பெரிதாக இழுத்தாலும் இதே கதைதான். புதுப் புள்ளி எங்கிருந்தும் முளைக்காது. கட்டம் கட்டமாகவோ மங்கலாகவோ தெரியும்.

இன்னொன்று. ‘கிராப்’ செய்து ஓரத்தை வெட்டினாலும் குறிப்புதான் மாறும், எண்கள் அப்படியே இருக்கும். பூச்சிக்குப் பின்னால் வாயைப் பிளந்து நின்ற தம்பியை வெட்டிவிட்டு ஃபைலை அனுப்பினீர்களா? வாங்கியவர் அந்த வெட்டை நீக்கினால் தம்பி மறுபடி வந்து நிற்பான். வேர்டின் கம்ப்ரெஸ் பெட்டியில் வெட்டிய பகுதியை நிஜமாகவே அழிக்க ஒரு கட்டம் இருக்கிறது. வேர்டில் எழுதினால் அனுப்பும் முன் அதை டிக் செய்துவிடுங்கள்; ரைட்டரில் எழுதினால், படத்தைக் கட்டுரைக்குள் கொண்டுவரும் முன்பே வெட்டிவிடுங்கள்.