தி.நகரில் வண்டியை எங்கே விடுவது?

ஆடித் தள்ளுபடிக்காகத் திருச்சியிலிருந்து காரில் கிளம்பும் குடும்பம் செங்கல்பட்டு வரை சிரித்துப் பேசிக்கொண்டு வரும். பனகல் பூங்காவை மூன்றாவது முறை சுற்றும்போது காருக்குள் பேச்சே இருக்காது.

பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடப்பவர்களுக்கு அகலமான பாதை கிடைத்தது. சாலையோரத்தில் கார் நிறுத்தும் இடம் சுருங்கியது. அதை ஈடுகட்டத்தான் தணிகாசலம் சாலையில் மாநகராட்சியின் பலமாடி வாகன நிறுத்தம் எழுந்தது. சுமார் 220 கார்களும் 500-க்கும் மேற்பட்ட இருசக்கர வாகனங்களும் அதில் நிற்கலாம். ஆனால் நம் ஆட்களுக்குக் கடை வாசலிலேயே இறங்கினால்தான் திருப்தி. பத்து நிமிட நடைக்குச் சோம்பி, அரை மணி நேரம் பெட்ரோலை எரிப்பார்கள்!

வெளியூர்க்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தாம்பரம் ரயில் நிலைய நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு, மின்சார ரயிலில் மாம்பலம் வரலாம். அங்கிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்கு 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைமேம்பாலம் செல்கிறது. அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரங்கநாதன் தெரு நெரிசலில் மிதிபடாமல் மேலிருந்தே அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு போகலாம். திரும்பும்போது பட்டுப்புடவைப் பைகளோடு ரயிலேறுவதுதான் கொஞ்சம் சிரமம்.