பெருச்சாளியும் தீவு எலியும்

திருநாவலூர்ப் பக்கத்தில் பெருச்சாளியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அந்தி மயங்கும் நேரத்தில் சாக்கடை ஓரமாக அது ஓடினால், புதிதாகப் பார்ப்பவர் பூனைக்குட்டி என்றே எண்ணுவார். நன்கு வளர்ந்த பெருச்சாளி பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும். ஒரு கிலோவை எட்டுவதும் உண்டு. 1800இல் பெக்ஸ்டைன் என்னும் ஜெர்மானியர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அவர் விவரித்த விலங்கின் ஊராகக் குறிக்கப்படுவது நம் புதுச்சேரிதான். இன்று இதன் இனப்பெயர் பாண்டிகோட்டா. ‘பன்றி எலி’ எனப் பொருள்படும் தெலுங்குச் சொல்லான ‘பந்திகொக்கு’தான் இப்படித் திரிந்தது.

இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு பசிபிக் கடலிலுள்ள சாலமன் தீவுகளுக்குப் போவோம். அங்கே வங்குனு என்றொரு தீவு. அதன் காட்டு மரங்களின் உச்சியில் ‘விக்கா’ என்னும் பெரிய எலி வாழ்கிறது என்று அவ்வூர் மக்கள் சொல்லி வந்தனர். டைரோன் லாவரி என்னும் ஆய்வாளர் 2010 முதல் தேடியும் அது கண்ணில் படவில்லை. 2015இல் வெட்டிச் சாய்த்த ஒரு மரத்திலிருந்து ஓர் எலி விழுந்து, காயத்தால் இறந்தது. லாவரியும் ஹிக்குனா ஜட்ஜும் 2017இல் அதைப் புதிய இனமென அறிவித்து, யூரோமிஸ் விக்கா என்று பெயரிட்டனர்.

மூக்கு முதல் வால் நுனி வரை அதன் நீளம் சுமார் 46 செ.மீ. எடை அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை இருக்கலாம் என மதிப்பிடுகிறார்கள். அவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? உலகச் செய்தியான இந்த ‘ராட்சத எலி’ நம் பெருச்சாளியின் எடைதான்!

நீளத்தை மட்டும் பார்த்து எலியை எடைபோடக் கூடாது. மொத்த நீளத்தில் வாலும் சேர்ந்திருக்கிறது. ஆனால் வாலுக்கு எடை சொற்பம். உடலோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் வளர்கிறது. வீட்டு எலியின் எடை 150 கிராம் என்று கொள்வோம். அதே வடிவில் உடல் ஒன்றரை மடங்கு நீண்டால் எடை ஒன்றரை மடங்கா கூடும்? ஒன்றரையை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ மூன்றே கால் மடங்குக்குச் சற்று மேல். ஆக, எடை 500 கிராமைத் தாண்டிவிடும்.

தீவில் எலி ஏன் பெருக்கிறது? சாலமன் தீவுகள் எந்தக் கண்டத்தோடும் இணைந்திருந்தவை அல்ல. மிதந்து வந்த மரம் செடிகளைப் பற்றிக்கொண்டு எலியின் மூதாதைகள் கரை சேர்ந்திருக்க வேண்டும். அங்கே குரங்கு இல்லை, அணில் இல்லை, பூனை இனமும் இல்லை. கொட்டைகளும் மர உச்சியும் எலிக்கே மிஞ்சின. பெரிய உடலும் வலிய பல்லும் உடையவை கெட்டியான ஓட்டை உடைத்துத் தின்று பிழைத்தன. விக்கா தேங்காயையே கடித்துத் துளைக்கும் என்று ஊர் மக்கள் கூறுகின்றனர். திமோர் தீவில் இதற்கும் பெரிய எலி இருந்தது. எலும்புகளைக் கொண்டு அதன் எடை 6 கிலோ இருக்கலாம் எனக் கணித்திருக்கிறார்கள். அது அழிந்துபோன இனம்.

விக்காவுக்கும் அந்த ஆபத்து அருகில்தான் இருக்கிறது. 2021இல் சைரா ஊரார் துணையுடன் காட்டில் தானியங்கிக் கேமராக்களை வைத்தார்கள். எலியை ஈர்த்தது எது தெரியுமா? நல்லெண்ணெய்! கிடைத்த 95 படங்களில் இருந்தவை நான்கே எலிகள். பெருச்சாளி குப்பைமேட்டிலும் வளை தோண்டிப் பிழைத்துக்கொள்ளும். விக்காவுக்கோ முதிர்ந்த காட்டு மரங்கள் வேண்டும். 2023இல் அப்படங்கள் வெளிவந்தபோதே, சைராக் காட்டில் மரம் வெட்ட இசைவு வழங்கப்பட்டிருந்தது.