அச்சுக்கும் துளைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்

நானும் என் மகளும் செய்த முதல் மரக்கார் ஓடவில்லை. ஆறு வயதுக்காரி அதைத் தரையில் வைத்துத் தள்ளினாள். நான்கு சக்கரமும் சுழலாமல், கார் கட்டையாகத் தேய்ந்துகொண்டு போனது. "அம்மா, இது பிரேக் போட்டுக்கிட்டே போகுது" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். 6 மி.மீ. உருளைக் குச்சிக்கு நான் 6 மி.மீ. துளை போட்டிருந்தேன். முதலில் நுழைந்த குச்சி, ஆக்லாந்தின் ஜூலை ஈரத்தில் பருத்துத் துளையைக் கவ்விக்கொண்டது. மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்கில் பருக்கும். மறுநாள் துளைகளை 7 மி.மீ. ஆக்கினோம். கார் கூடத்தின் மறுகோடிவரை ஓடியது.

சக்கர வண்டியின் சூட்சுமம் முழுக்க அந்த ஒரு மில்லிமீட்டரில் இருக்கிறது. சக்கரம் அச்சோடு இறுகியிருக்க வேண்டும், அச்சு உடலுக்குள் தளர்ந்திருக்க வேண்டும். அல்லது மாட்டு வண்டியில் இருப்பதுபோல் அச்சு இறுகி, சக்கரம் தளர்ந்திருக்க வேண்டும். இரண்டும் இறுகினால் வண்டி கட்டையாகிவிடும்.

உராய்வு எங்கும் போய்விடுவதில்லை, இடம்தான் மாறுகிறது. எங்கள் காரின் உடல் 90 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம், 150 மி.மீ. நீளமுள்ள பைன் துண்டு. எடை சுமார் 300 கிராம். அதைத் தரையோடு இழுத்தால் ஏறத்தாழ 100 கிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். சக்கரம் பூட்டியபின் உரசல் அச்சின் விளிம்பில், மையத்திலிருந்து 3 மி.மீ. தூரத்தில் நடக்கிறது. தரை சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றுவதோ 25 மி.மீ. தூரத்தில். நெம்புகோல் கணக்குத்தான்: 100 கிராமை 3ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 12 கிராம். ஒரு சுண்டுவிரல் போதும். மெழுகுவத்தித் துண்டை அச்சில் தேய்த்தால் இன்னும் குறையும். நம் ஊர் வண்டிக்காரர்கள் அச்சில் அப்பிய கறுப்பு மசகுக்கும் இதே வேலைதான்.

சக்கரமே இல்லாமல் இழுத்த கதையும் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆக்லாந்தில் நாங்கள் இருக்கும் நியூ லினில் போர்ட்டேஜ் சாலை என்று ஒன்று இருக்கிறது. வைட்டமாட்டா, மனுகாவ் என்ற இரு துறைமுகங்களுக்கு நடுவே நிலம் ஒடுங்கும் இடம் அது. மாவோரிகள் ஃபௌ ஆற்றில் வந்து, படகுகளைத் தரையில் இழுத்துச் சென்று மறுபக்கக் கடலில் இறக்குவார்கள். ஐரோப்பியர் வருமுன் நியூசிலாந்துத் தீவுகளில் சக்கரம் கிடையாது. படகுக்கடியில் கட்டைகளைக் கிடத்தி, அவற்றின்மேல் இழுத்தார்கள். அந்தச் சாலையில் நடக்கும்போதெல்லாம் எத்தனை தோள்கள் அதற்கு வேண்டியிருந்திருக்கும் என்று மகள் கேட்பாள்.

மரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது குழந்தை வாயில் வைக்கும் பொருள். நியூசிலாந்தில் எளிதாகக் கிடைப்பது ரேடியாட்டா பைன். கலிஃபோர்னியாவின் மான்டரே கடற்கரையைச் சேர்ந்த மரம். 1850களில் இங்கே வந்தது. இன்று நாட்டின் வளர்ப்புக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான். செதுக்க இதமானது, வெளிர் நிறம், விலை குறைவு. ஆனால் ஈரத்தில் சீக்கிரம் உளுத்துப்போகும். அதனால் வீடு கட்டும் பைனில் மருந்து ஏற்றுகிறார்கள். இளஞ்சிவப்புச் சாயமிட்ட எச்1.2 வகையில் போரான் உப்பு இருக்கும்; அது சுவருக்குள் நிற்கும் சட்டங்களுக்கு. பச்சையோடிய எச்3.2 வகை வெளியே மழையில் நிற்பதற்கு. அதில் பெரும்பாலும் செம்பு, குரோமியத்தோடு ஆர்சனிக்கும் இருக்கும். கட்டட வேலை நடக்கும் இடங்களில் இந்தத் துண்டுகள் இலவசமாகக் கிடைக்கும். தயவுசெய்து எடுக்காதீர்கள். வெயிலில் சாயம் வெளுத்துவிடும். கண்ணால் பார்த்து நம்ப முடியாது. மருந்து ஏற்றாதது என்று எழுதி விற்கும் மரத்தையே வாங்குங்கள்.

ஆற்றுக்குப் பெயர் தந்த ஃபௌ மரம் தக்கைபோல் இலேசானது. மாவோரிகள் அதை மீன்வலைக்கு மிதவையாக்கினார்கள். அவ்வளவு மென்மையான மரத்தில் அச்சுத் துளை தேய்ந்து அகன்றுவிடும். காருக்கு ஆகாது.

சக்கரத்துக்குப் பிள்ளைகள் முதலில் காட்டுவது உருண்டையான கிளையை. வட்டமாகத்தானே இருக்கிறது, வாழைக்காய்போல் நறுக்கினால் ஆயிற்று! நாங்களும் நறுக்கினோம். சில வாரங்களில் விளிம்பிலிருந்து நடுவரை ஒரு வெடிப்பு ஓடிவிட்டது. மரம் காயும்போது ஆரத்தின் திசையில் சுருங்குவதைவிட வளையங்களின் சுற்றுவாக்கில் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். சுற்றளவு போதாமல் வட்டம் பிளக்கிறது. வண்டிச்சக்கரம் செய்யும் ஆசாரிகள் அடிமரத்தை வட்டமாக அறுத்துச் சக்கரமாக்காததற்குக் காரணம் இதுவே. வளைந்த வட்டைத் துண்டுகளை நாரோட்டம் விளிம்பைத் தொடரும்படி இணைத்து, ஆரக்கால்களைக் குடத்தில் செருகி, மேலே இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டினார்கள். பொம்மைக்கு அத்தனை வேண்டாம். அடுக்குக்கு அடுக்கு நார் குறுக்காக ஓடும் ஒட்டுப்பலகை போதும். 'ஹோல் சா' என்ற வட்டவாளால் வெட்டினால் நடுத்துளையும் தானாக விழுந்துவிடும். அதன் நடு ஊசி 6 மி.மீ. என்றால், அதே அளவுக் குச்சி பசையோடு கச்சிதமாக உட்காரும். இந்த வெட்டு பெரியவர்கள் வேலை. பலகையை கிளாம்ப் போட்டு இறுக்காமல் செய்யக் கூடாது. உப்புத்தாள் பிள்ளையுடையது. நாரோட்டத்தின் வழியே தேய்க்கச் சொல்லுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். அதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கென்றால் சக்கரம் பெரிதாக இருக்கட்டும். பொம்மைச் சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதற்குள் அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது.

இரண்டாவது கார் ஓடியது, ஆனால் சுவரில் போய் முட்டியது. அளந்து பார்த்தோம். முன் அச்சும் பின் அச்சும் இணையாக இல்லை. ஒரு பக்கம் 1 மி.மீ. விலகல். அச்சுகளுக்கிடையே 100 மி.மீ. இருக்கும் காரில், 90 மி.மீ. அகலத்தில் வரும் அந்தச் சிறு கோணம் 9 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் காரைத் திருப்பும். மூன்று மீட்டர் போவதற்குள் அரை மீட்டர் ஒதுங்கிவிடும்.

திரும்புவது ரயிலுக்கும் ஒரு சிக்கல்தான். நியூ லின் ரயில் நிலையம் 2010 முதல் சாலை மட்டத்துக்குக் கீழே, அகழிக்குள் இருக்கிறது. மேலிருந்து ரயில் வருவதை எட்டிப் பார்ப்பது மகளுக்குப் பெரிய காரியம். ரயில் சக்கரங்களும் எங்கள் கார் சக்கரங்களைப் போலவே அச்சோடு இறுகியவை. இரண்டும் சேர்ந்தே சுழலும். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டுமே? அதற்காகச் சக்கர விளிம்பைச் சற்றுச் சரிவாகக் கடைந்திருப்பார்கள். வளைவில் ரயில் வெளிப்பக்கம் ஒதுங்க, வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்தில் உருள்கிறது. சாலையில் போகும் காருக்கு இதே சிக்கலுக்காகப் பல்சக்கரப் பெட்டி ஒன்று தனியே வேண்டியிருக்கிறது.

நான்கு சக்கரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரு துளை சற்று உயர்ந்துவிட்டால் கார் நொண்டும். மூன்று சக்கரம் நொண்டவே நொண்டாது. எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமையும். முக்காலி கரடுமுரடான தரையிலும் நிற்பது அதனால்தான். பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரையில்லாமல் உருட்டும் சிறுதேருக்கு மூன்றே சக்கரம். நம் வீடுகளின் நடைவண்டிக்கும் மூன்றே. பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையிலும் ஒரு பொம்மைத்தேரைக் காட்டுகிறார். தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேர் அது. உருட்டிக் களைத்த குழந்தை பால் குடித்துவிட்டு உறங்கிப்போகிறது. தச்சுவேலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டை நான் படித்ததில்லை. பிள்ளைத்தமிழில் சிறுதேர் ஆண்பிள்ளைக்கு மட்டும் உரியது. பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். என் மகளுக்கு அந்தப் பங்கீட்டில் சம்மதமில்லை.

மேல்பூச்சுக்குத் தேன்மெழுகு போதும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

இப்போது மூன்று சக்கரக் கார் ஒன்று தயாராகிறது. டிரில்லை நேராகப் பிடிக்க ஒரு பழைய சிடி வைத்திருக்கிறோம். சிடியைப் பலகைமேல் வைத்து, நடு ஓட்டை வழியாக டிரில் ஊசியை இறக்கினால், ஊசியின் பிம்பம் சிடியில் தெரியும். ஊசியும் பிம்பமும் வளையாமல் ஒரே கோடாகத் தெரிந்தால் டிரில் செங்குத்தாக நிற்கிறது என்று பொருள். நான் டிரில்லைப் பிடித்துக்கொள்ள, அவள் குனிந்து ஒரு பக்கம் பார்த்தாள், சுற்றி வந்து அடுத்த பக்கமும் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் சாய்ங்கம்மா. ம்... இப்ப போடுங்க."