ஞாபகசக்தி டானிக் கேட்பதற்கு முன்

அரையாண்டுத் தேர்வு மார்க் வந்த கையோடு மருத்துவமனைகளில் ஒரே புகார் வரிசைகட்டி நிற்கும். "நல்லாத்தான் படிக்கிறான் டாக்டர், மனசுல நிக்க மாட்டேங்குது. ஞாபகசக்திக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க." எழுத்துக் கூட்டிப் படிக்க இரண்டாம் வகுப்பிலேயே திணறிய பிள்ளை, எட்டிலோ ஒன்பதிலோதான் வந்து சேர்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளை வல்லாரை மாத்திரையும், விளம்பரத்தில் பார்த்த டானிக்கும், கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் வகுப்பும், விரல் ரேகை ரிப்போர்ட்டும் தின்றிருக்கும். 'மறக்கிறது' என்று அழைத்துவரப்படும் பிள்ளைகள் பலருக்கு நினைவில் பழுதே கிடையாது. பழுது அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. அந்தப் படியைத் தேடாமல் மருந்து தேடுவதால்தான் காலம் வீணாகிறது.

மனதில் ஏறவே ஏறாதது எப்படி மறக்கும்?

ஒரு விஷயம் பதிய வேண்டும், தங்க வேண்டும், வேண்டும்போது திரும்ப வர வேண்டும். பதியாத ஒன்றை 'மறந்துவிட்டான்' என்பது சரியில்லை. பாடம் ஒப்பிக்கத் தெரியாத அதே பையன் ஐ.பி.எல். ஸ்கோரைப் பிசகில்லாமல் சொல்கிறான் என்றால், அதைச் சோம்பேறித்தனத்துக்குச் சாட்சியாக்கித் திட்டுகிறோம். உண்மையில் அவனுடைய நினைவு நன்றாக இருக்கிறது என்பதற்கே அது சாட்சி. ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கக்கூடியவை ஏறக்குறைய ஏழு என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நான்குதான் என்று பின்னால் வந்தவர்கள் அதையும் குறைத்தார்கள். இவ்வளவு சிறிய இடத்தை ஒவ்வோர் எழுத்தையும் கூட்டுவதிலேயே செலவழிக்கும் பிள்ளை, வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல்லை இழந்திருக்கும். வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தையின் 'மறதி' பெரும்பாலும் இதுதான். கரும்பலகை தெரியாத கிட்டப்பார்வை, சளியால் மந்தமான காது, ரத்தசோகை, தைராய்டு குறைவு, கவனக்குறைவுக் கோளாறு, பகல்கனவென்று எல்லோரும் கடந்துபோகும் சில நொடி வலிப்பு, பள்ளியில் யாரிடமோ படும் அவமானம் ஆகியவையும் இதே முகத்தோடுதான் வரும். கண், காது, ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் மூளை அலைப் பதிவு: இவ்வளவுதான் ஆரம்பம்.

வல்லாரை, விரல் ரேகை, மிட்பிரெயின்

'வல்லாரை காலங்காலமாகச் சாப்பிடுவதுதானே' என்பார்கள். துவையலாகத் தாராளமாகச் சாப்பிடலாம், கீரை நல்லதுதான். கீரையிலிருந்து கேப்சூலுக்குத் தாவும்போதுதான் கேள்வி எழுகிறது. வல்லாரை மாத்திரை எடுத்த மூன்று பெண்களுக்கு மஞ்சள்காமாலை வந்ததை அர்ஜென்டினா மருத்துவர்கள் 2005-இல் பதிவு செய்தார்கள். அரிதுதான், ஆனால் மூலிகை என்பதாலேயே ஈரல் விட்டுக்கொடுக்காது. ஞாபகசக்திக்கென்று தரப்படும் இன்னொரு மூலிகையான நீர்ப்பிரமி பற்றிச் சிறிய ஆய்வுகள் உண்டு என்பதும் உண்மை. அவற்றில் பல, வயது வந்தவர்கள் சுமார் 12 வாரம் சாப்பிட்டபின் தெரிந்த சிறு மாற்றத்தைச் சொல்கின்றன. அடுத்த மாதத் தேர்வுக்கோ எழுத்துக் கூட்ட முடியாத பிள்ளைக்கோ அவை எதையும் உறுதி சொல்லவில்லை. இதைவிட ஆபத்து, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கவனக்குறைவுக்காக எழுதிய மாத்திரையைக் கடன் வாங்கித் தருவது. தூக்கமும் பசியும் போய், நெஞ்சு படபடப்பில் முடிந்த பிறகு மருத்துவரிடம் ஓடிவந்து என்ன பயன்?

மிட்பிரெயின் வகுப்பில் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் பிள்ளை மூக்கோரத்து இடைவெளி வழியாகப் பார்க்கிறது. அந்த இடைவெளியை அடைத்தால் வித்தை நின்றுவிடும். விரல் ரேகைகள் தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுபவை. அவற்றை வைத்து 'இவன் டாக்டர், இவள் டான்சர்' என்று அச்சடித்துத் தரும் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே 2019-இல் அறிவித்தது. இதற்கு ஆயிரக்கணக்கில் கட்டும் பெற்றோர், பேச்சுப் பயிற்சி என்றதும் 'அவ்வளவு செலவா' என்கிறார்கள்! பேச்சு தாமதமான குழந்தையிடம் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லும் அறிவுரையும் இந்தப் பட்டியலில் சேர்ந்ததே. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது. வீட்டாருக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் குழந்தை கேட்கும் பேச்சுதான் குறையும்.

ஐ.க்யூ. என்றதும் ஏன் பயம்?

அறிவுத்திறன் (ஐ.க்யூ.) சோதனையும் செய்து பார்க்கலாம் என்றால், 'புத்தி குறைவு என்று முத்திரை குத்திவிடுவார்களே' என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் சிமோனும் இந்தச் சோதனையை உருவாக்கியது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். அது அமெரிக்கா போனதும் மனிதர்களைத் தரம் பிரித்து ஒதுக்கும் கருவியானது. அந்தக் களங்கத்தை மறைக்கத் தேவையில்லை. மொழியும் பண்பாடும் மதிப்பெண்ணைப் பாதிக்கும் என்பதும் சரியே. அதனால்தான் 1934-இல் காமத் என்பவர் அதைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காகத் திருத்தி அமைத்தார். ஆனால் இந்தக் குறைகள், சோதனையைப் பயிற்சி பெற்றவர் பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் செய்ய வேண்டும் என்பதற்கான காரணங்கள். சோதனையே வேண்டாம் என்பதற்கு அவை காரணமாகா. சராசரி 100, மூன்றில் இரண்டு பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். அறிவுத்திறன் அந்த எல்லைக்குள் இருந்தும் வாசிப்பு மட்டும் பின்தங்கினால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை அங்கீகரிக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கிடைக்கும். பரீட்சைக்கு முந்தைய வாரம் வந்து சான்றிதழ் கேட்டால் யாராலும் உதவ முடியாது. செல்போனில் பத்து நிமிடத்தில் வந்த 'ஐ.க்யூ. 138'-ஐத் தயவுசெய்து காட்ட வேண்டாம்.

மருந்தில்லாமல் செய்யக்கூடியது

மறப்பது இயல்பு. உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் வெளியிட்ட கணக்குப்படி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தால் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. 'நாங்கள் திரும்பத் திரும்பப் படித்துத்தானே பாஸானோம்' என்பவர்களுக்கு 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் கண்டதைச் சொல்ல வேண்டும். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டு மூன்றுமுறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

பெற்றோரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: இரவு பன்னிரண்டு மணிவரை உட்காரவைத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பாதீர்கள். வளரும் பிள்ளைக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்; பகலில் படித்தது உறுதிப்படுவது அந்த நேரத்தில்தான். இரண்டாம் வகுப்பிலேயே வாசிக்கத் திணறினால் 'வளர வளரச் சரியாகும்' என்று காத்திருக்காதீர்கள். அந்த வருடமே, பிள்ளையின் பழைய நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு, குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.